வாசகர் கேள்வி–பதில்: கவசத்தை வாள் வெட்டுமா?

சென்ற இதழில், கோயில் தூண்களில் காணப்படும் போர்வீரர் சிற்பங்களின் மார்பில் இருப்பது அணிகலனா கவசமா என்ற கேள்விக்குப் பதில் எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து கேரள, ஆந்திர எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்கள் பலவும், கவசம் அணிந்தவர்கள் நேருக்கு நேர் கைகலந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையே கேட்டிருந்தமையால், இம்முறை அவற்றுக்கு மட்டும் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

ஐயா, சரித்திரப் படங்களில் கதாநாயகன் வாளை ஒருமுறை வீசியதும் எதிரியின் இரும்புக் கவசம் பிளந்து அவன் சாய்ந்துவிடுகிறான். வாளால் அப்படி வெட்ட முடியுமா?
— வாசகர் ஒருவர், கொழிஞ்சாம்பாறை

முடியாது. ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டில் முழு வளர்ச்சி பெற்ற தகட்டுக் கவசத்தின் மார்புத் தகடு பொதுவாக ஒன்றரை முதல் மூன்று மில்லிமீட்டர் வரை கனமுடையது. அது நடுவில் புடைத்து இருபுறமும் சரிந்திருக்கும்படி அடிக்கப்பட்டதால், அதன்மேல் விழும் வீச்சு பெரும்பாலும் வழுக்கிப் பக்கவாட்டில் போய்விடும். வாள் நன்றாக வெட்ட வேண்டுமானால் அதன் விளிம்பு மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய விளிம்பு இரும்பில் மோதினால் மழுங்கும், அல்லது பல்லுப்பல்லாகத் தெறிக்கும். எனவே தகட்டுக் கவசம் அணிந்தவரை வெட்ட முயல்வது வீண் வேலை என்பதை அக்காலத்து வாளாசான்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

அவர்கள் கற்றுக்கொடுத்த வழி வேறு. வலக்கையால் பிடியையும் இடக்கையால் அலகின் நடுப்பகுதியையும் பற்றிக்கொண்டு, நீண்ட வாளைக் குட்டை ஈட்டியாக்கி, அதன் நுனியை அக்குள், முழங்கை மடிப்பு, தொடையிடுக்கு, முகமூடியின் கண்துளை ஆகிய இடைவெளிகளில் செலுத்துவது ஒன்று. அலகை இரு கைகளாலும் பிடித்து, வாளைத் தலைகீழாக்கி, அதன் குறுக்குக்கட்டையாலும் பிடிக்குமிழாலும் எதிரியின் தலையில் ஓங்கி அடிப்பது இன்னொன்று. கூர்மையான அலகை வெறுங்கையால் பிடிப்பதா என்று தோன்றும். நழுவவிடாமல் இறுக்கிப் பிடித்தால் அலகு கையை அறுப்பதில்லை, உள்ளங்கையில் உரசி நகரும்போதுதான் அறுக்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது மல்யுத்தம். எதிரியின் காலை வாரித் தரையில் சாய்த்து, மேலே அமர்ந்து, குத்துவாளை இடைவெளியில் இறக்கிய பிறகே பல சண்டைகள் முடிந்தன. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் வாழ்ந்த வாளாசான் ஃபியோரே தெய் லிபேரி, கவசம் அணியாதவர்களின் சண்டைக்கும் அணிந்தவர்களின் சண்டைக்கும் தனித்தனிப் பாடங்களைப் படங்களுடன் விட்டுச் சென்றிருக்கிறார். அவற்றில் குத்துவாளுக்கும் பிடிகளுக்கும் அவர் கொடுத்திருக்கும் இடமே இதற்குச் சான்று. கவசம் அடியைத் தடுத்தது என்பதோடு நிறுத்திவிட முடியாது. அடி விழும் இடத்தையும், அடிக்கும் கருவியையும், இருவருக்கும் இடையிலான தொலைவையும் அது மாற்றியது. கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

முழுக் கவசம் அணிந்த வீரர் கீழே விழுந்தால் எழுந்திருக்கவே முடியாது என்றும், அவரைக் குதிரைமேல் ஏற்றக் கப்பி வேண்டும் என்றும் எங்கள் வகுப்பில் சொன்னார்கள். அது சரியா?
— கல்லூரி மாணவி, களியக்காவிளை

கப்பிக் கதையை மறந்துவிடுங்கள். போர்க்களத்திற்குரிய முழுத் தகட்டுக் கவசம் பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ எடை கொண்டது. ஒவ்வொரு உறுப்பின் எடையையும் அந்தந்த உறுப்பே தாங்கும்படி வார்களால் கட்டப்பட்டதால், அணிந்தவர் ஓடலாம், குனியலாம், தானே குதிரையேறலாம், விழுந்தால் எழலாம். இன்றைய காலாட்படைவீரர் முதுகில் சுமக்கும் மூட்டை பல வேளைகளில் இதைவிடக் கனமானது. குதிரையில் வந்து ஈட்டியால் மோதும் பந்தயத்திற்கென்று மிகக் கனமான கவசங்கள் தனியாகச் செய்யப்பட்டன. அவற்றைப் பார்த்தவர்கள் கட்டிய கதையாகக் கப்பிக் கதை இருக்கலாம்.

ஆனால் எடை ஒரு பொருட்டே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2011ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 30 முதல் 50 கிலோ வரை எடையுள்ள கவசப் பிரதிகளை அணிவித்து ஆட்களை ஓடுபொறியில் நடக்கவும் ஓடவும் வைத்து மூச்சை அளந்தார்கள். கவசத்துடன் நடப்பதற்குச் சாதாரணமாக நடப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேலும், ஓடுவதற்கு ஏறத்தாழ இரண்டு மடங்கும் ஆற்றல் செலவானது. காரணம் கவனிக்கத்தக்கது: அதே எடையை முதுகில் சுமந்தால் இவ்வளவு களைப்பு வராது, கால்களில் கட்டிய இரும்பை ஒவ்வோர் எட்டிலும் தூக்கி வீச வேண்டியிருப்பதாலேயே ஆற்றல் கரைகிறது. மார்புத் தகடு இறுக்கிப் பிடித்திருப்பதால் ஆழ்ந்து மூச்சுவிடவும் முடியாமல், குறுமூச்சாக வேகவேகமாக இழுக்க வேண்டிவருகிறது.

இதன் விளைவை 1415ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் பிரான்சின் அஜின்கோர்ட் களத்தில் காணலாம். முந்தைய இரவு பெய்த மழையில், புதிதாக உழுதிருந்த நிலம், நடவுக்குச் சேறடித்த வயலைப் போலக் குழம்பிக் கிடந்தது. பிரெஞ்சுப் பிரபுக்கள் முழுக் கவசத்துடன் அந்தச் சேற்றைக் கடந்து ஆங்கிலேயரின் வரிசையை அடைந்தபோதே களைத்துப்போயிருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் நெருக்க, முன்னால் இருந்தவர்களுக்குக் கை வீசவும் இடமில்லை. அம்புகள் தீர்ந்த ஆங்கில வில்லாளிகள் கவசம் குறைந்தவர்களாக, கால் லேசானவர்களாக, கைக்கோடரியையும் முளையடிக்கும் கொட்டாப்புளியையும் எடுத்துக்கொண்டு புகுந்தார்கள். அன்று கவசத்தைத் துளைத்த அம்புகளைவிட, கவசத்தைச் சுமந்தவர்களின் களைப்பே அதிகப் பேரைக் கொன்றிருக்கும் என்பது என் கருத்து.

கேடயம் இருக்கும்போது கவசம் எதற்கு?
— பள்ளி மாணவர், கூடலூர் (நீலகிரி)

நல்ல கேள்வி, எதிர்ப்புறமாகவும் கேட்கலாம். தகட்டுக் கவசம் மேம்பட்டபோது ஐரோப்பியத் தரைவீரர்கள் கேடயத்தைப் படிப்படியாகக் கைவிட்டார்கள். கேடயம் ஒரு கையை எடுத்துக்கொள்கிறது. கவசம் அந்தக் கையைத் திருப்பித் தருகிறது. அவ்வாறு விடுபட்ட இரண்டு கைகளுக்காகவே, ஒருபுறம் கோடரியும் மறுபுறம் சம்மட்டியும் நுனியில் ஈட்டியும் கொண்ட நீள்காம்பு ஆயுதம் பெருகியது.

நான் தெற்கன் களரி பயிற்றுவிப்பவன். எங்கள் முறையில் கவசம் என்ற பேச்சே இல்லை. அதை ஒரு குறையாகச் சிலர் சொல்கிறார்கள். உறுமி வீசும் ஒருவருக்கு முன்னால் கவசம் அணிந்தவர் நின்றால் யார் வெல்வார்?
— ஆசான் ஒருவர், பாறசாலை

ஆசானுக்கு வணக்கம். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். சுருள்வாள் எனப்படும் உறுமி, மெல்லிய அலகு வளைந்து பாய்வதால் சதையைக் கிழிக்கும். கேடய விளிம்பைச் சுற்றிக்கொண்டு போய்த் தாக்கும். பலர் சூழ்ந்தாலும் நெருங்கவிடாது. ஆனால் வளையும் அலகால் குத்த முடியாது, அழுத்தவும் முடியாது. இரும்பு வளையங்களால் பின்னிய சட்டையின்மேலோ, பஞ்சு வைத்துக் கனமாகத் தைத்த மேலங்கியின்மேலோ அது பட்டால் பெரிதாக ஒன்றும் நேராது. எனவே கவசதாரி முகத்தையும் கைகளையும் காத்துக்கொண்டு நெருங்கிவிட்டால் உறுமிக்காரர் உறுமியை உதறிவிட்டுக் கட்டாரி என்னும் குத்துவாளை எடுக்க வேண்டியதுதான்.

இதைக் குறை என்று சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஓர் ஆயுதம் எதிரில் நிற்பவர் உடுத்தியிருப்பதை வைத்தே உருவாகிறது. மலையாளக் கரையில் எதிரியும் வெறும் மார்புடன் கச்சை கட்டி வந்த காலத்தில், கிழிக்கும் அலகே போதுமானதாக இருந்தது. தற்காப்பு முழுவதையும் பரிசை எனும் கேடயமும் கால்களும் ஏற்றன. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபாரில் தங்கியிருந்த போர்ச்சுகீசியர் துவார்த்தே பார்போசா, நாயர் சிறுவர்கள் ஏழு வயதிலேயே பயிற்சிக்கூடத்தில் சேர்க்கப்பட்டு, மூட்டுகள் இளகும்படி எண்ணெய் தேய்த்து, துள்ளவும் திரும்பவும் வளையவும் பழக்கப்பட்டதை எழுதிவைத்திருக்கிறார். தாழ்ந்த அமர்வு, திடீரெனத் தாவி எழுதல், உடலை முழுவதுமாகச் சுழற்றுதல் ஆகிய உங்கள் மெய்ப்பயிற்சி அசைவுகளை 20 கிலோ இரும்புடன் செய்து பார்த்தால், கவசம் எதை விலையாகக் கேட்கிறது என்பது விளங்கும்.

இதற்கு வெப்பமும் ஈரமும்தான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுவது வழக்கம். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. ராய்ச்சூரின் வெயில் நமது வெயிலுக்குக் குறைந்ததில்லை. அங்கே தக்காணத்துக் குதிரைவீரர்கள் இரும்பும் தோலும் பஞ்சும் அணிந்துதான் போரிட்டார்கள். வேறுபாடு குதிரையில் இருக்கிறது. ஆறும் காயலும் வயலும் தோப்புமாகக் குறுக்கிடும் மலையாளக் கரையில் பெருங்குதிரைப் படைக்கு ஓட இடமில்லை. கவசத்தைச் சுமக்கக் குதிரையும் இல்லை, குதிரை ஈட்டியின் மோதலைத் தாங்கக் கவசம் தேவைப்படவும் இல்லை. 1741ஆம் ஆண்டு குளச்சலில் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக்காரரை எதிர்கொண்ட காலத்திலோ துப்பாக்கியும் பீரங்கியும் வந்துவிட்டன; அதன்பிறகு கவசம் அணியத் தொடங்குவதற்குக் காரணமே இருக்கவில்லை.

உங்கள் பகுதியின் வர்ம ஆசான்கள் விரலால் தேடும் கழுத்தடி, அக்குள், தொடைமடிப்பு ஆகிய இடங்களும், ஐரோப்பியக் குத்துவாள் தேடிய கவச இடைவெளிகளும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். ஒருவர் மற்றவரிடம் கற்கவில்லை. உடல் மடங்கும் இடத்தில் இரும்பு போட முடியாது. மடங்கும் அந்த இடங்களிலேயே நரம்பும் குருதிக்குழாயும் தோலுக்கு அருகில் ஓடுகின்றன.

சங்ககாலத் தமிழ்வீரர்கள் கவசம் அணிந்தார்களா?
— வாசகர் ஒருவர், செங்கோட்டை

அணிந்தார்கள். கருவூரில் சேர மன்னனுக்கு முன் யானைமேல் வந்த சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளியைப் பாடும் புறநானூற்று 13ஆம் பாடலில், அவன் மார்பின் புலித்தோல் கவசம் அம்புகள் பட்டுக் கிழிந்திருந்ததாக வருகிறது. கிழிந்த நிலையில்தான் புலவர் அதைக் கண்டார் என்பதிலிருந்து தோல் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்: உரசலையும் பக்கவாட்டில் விழும் வெட்டையும் தோல் ஓரளவு தாங்கும், கூர்முனைக்கு வழிவிட்டுவிடும்.

எங்கள் ஊருக்கு அருகிலுள்ள சந்திரகிரிக் கோட்டையைப் பார்த்தோம். விஜயநகர வீரர்கள் இரும்பைவிடப் பஞ்சுக் கவசத்தையே விரும்பினார்கள் என்று உடன் வந்தவர் சொன்னார். பஞ்சு எப்படி வாளைத் தடுக்கும்?
— குடும்பத்தலைவி, நகரி

பஞ்சை நாம் தலையணையாக மட்டுமே நினைப்பதால் வரும் ஐயம் இது. துணியைப் பல அடுக்குகளாக அடுக்கி, நெருக்கமாகத் தையலிட்டு, விறைப்பாக்கினால் அது வெட்டை நன்றாகத் தாங்கும். அம்பையும் பெருமளவு மட்டுப்படுத்தும். 1191ஆம் ஆண்டு பாலஸ்தீனத்தின் அர்சூஃப் போருக்கு முந்தைய அணிவகுப்பைச் சிலுவைப்போர்ப் படையை எதிர்த்த சுல்தான் சலாவுதீனின் பக்கத்திலிருந்து பார்த்த வரலாற்றாசிரியர் பகாவுதீன், சிலுவைப்போர்க் காலாட்கள் சிலர் முதுகில் பத்து அம்புகள் வரை தைத்திருந்தும் வரிசை கலையாமல் நடந்துகொண்டிருந்ததை வியப்புடன் எழுதியிருக்கிறார். அவர்கள் அணிந்திருந்தது தடித்த கம்பளி மேலங்கியும் வளையச் சட்டையும்.

வளையச் சட்டைக்கும் பஞ்சு இல்லாமல் தீராது. ஒவ்வொரு வளையமும் நான்கு வளையங்களோடு கோக்கப்பட்ட அந்தச் சட்டை வாளின் வெட்டை ஏறக்குறைய முழுமையாக நிறுத்திவிடும். ஆனால் அது துணியைப் போலத் தொங்குவதால் அடியின் வேகத்தை நிறுத்தாது. தோல் அறுபடாமலேயே உள்ளே எலும்பு முறியும். அந்த வேகத்தை வாங்கிக்கொள்வது அடியில் இருக்கும் பஞ்சு அங்கிதான். வளையச் சட்டை மட்டும் அணிந்து வெற்றுடம்பில் போர்க்களம் புகும் திரைப்பட வீரர்களுக்குக் கதாயுதம் ஒன்றே போதும்.

விஜயநகரத்தைப் பொறுத்தவரை உங்களுடன் வந்தவர் சொன்னதில் பாதி சரி. கிருஷ்ணதேவராயர் காலத்தில் அங்கு வந்த போர்ச்சுகீசியப் பயணி தொமிங்கோ பாயஸ், குதிரைவீரர்களின் மேலங்கிகள் வலுவான பதப்படாத தோலை அடுக்கிச் செய்யப்பட்டு இரும்புத் தகடுகள் பதிக்கப்பட்டிருந்ததையும், கழுத்தைக் காக்கும் பட்டைகளில் சில பட்டாலும் சில கண்ணாடியைப் போல ஒளிரும் எஃகாலும் ஆனவை என்பதையும் குறிப்பிடுகிறார். அதாவது மென்மையும் கடினமும் கலந்த கவசம். பின்னர் முகலாயரிடமும் தக்காணத்தாரிடமும் பரவலாக இருந்த கவசமும் இந்த வகையே: வளையச் சட்டையின்மேல் மார்பு, முதுகு, இரு விலாப்புறம் என நான்கு எஃகுத் தகடுகளைக் கட்டினார்கள்.

அந்த வளையத்தை வெல்ல வந்ததுதான் கட்டாரி. அதன் பிடி அலகுக்குக் குறுக்காக அமைந்திருப்பதால், மூடிய முட்டியும் முழங்கையும் தோளும் அலகுக்கு நேர் பின்னால் நிற்கின்றன. குத்துச்சண்டை வீரர் விடும் குத்தின் முழு வேகமும் ஒரு புள்ளியில் இறங்குகிறது. பல கட்டாரிகளின் நுனி மட்டும் தடித்திருப்பதும் வளையத்துக்குள் நுழைந்து அதை விரித்து உடைப்பதற்காகவே. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த கட்டாரிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நகரியிலிருந்து ரயிலில் ஒரு நாளில் போய் வரலாம். அலகின் வேலைப்பாட்டை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் நுனியைப் பாருங்கள்.

இவையெல்லாம் ஏட்டில் எழுதியவை. களத்தில் உண்மையில் அப்படித்தான் நடந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், குப்பம்

எலும்புகள்தான் ஆதாரம். 1361ஆம் ஆண்டு ஜூலை மாதம் டென்மார்க் மன்னன் வால்தமாரின் படை, பால்டிக் கடலின் காட்லாந்து தீவில் விஸ்பி நகரின் மதிலுக்கு வெளியே, பெரும்பாலும் உழவர்களைக் கொண்ட ஊர்ப்படையை அழித்தது. இறந்தவர்கள் பலர் கவசம் களையப்படாமலே பெருங்குழிகளில் புதைக்கப்பட்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் அக்குழிகளைத் தோண்டியபோது ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் எலும்புகளும், வளையத் தலைமூடிகளும், தகடு தைத்த மேலங்கிகளும் கிடைத்தன. அந்த எலும்புகளில் வெட்டுக்காயம் மிகுதியாக இருந்த இடம் முழங்காலுக்குக் கீழே. உடலை மேலங்கியும் மேற்பகுதியைக் கேடயமும் மறைத்தபோது வாள் கணுக்காலைத் தேடிப் போயிருக்கிறது; ஒரே வீச்சில் இரண்டு கால்களும் துண்டானவர்களும் உண்டு.

இங்கிலாந்தில் 1461ஆம் ஆண்டு நடந்த டவ்டன் போரில் இறந்தவர்களின் குழி 1996இல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே காயங்கள் பெரும்பாலும் தலையில், ஒருவருக்கே பல. தோற்றோடும்போது தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்தவர்களாகவோ இழந்தவர்களாகவோ அவர்கள் இருந்திருக்க வேண்டும்.

மிகத் தெளிவான சான்று ஒரு மன்னனுடையது. 1485ஆம் ஆண்டு பாஸ்வொர்த் களத்தில் மாண்ட மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு 2012இல் லெஸ்டர் நகரின் வாகன நிறுத்துமிடம் ஒன்றின் அடியில் கிடைத்தது. இறக்கும் வேளையில் ஏற்பட்ட காயங்கள் 11. அவற்றில் 9 மண்டையில். கைகளிலும் முன்கைகளிலும் தற்காப்புக் காயம் ஒன்றுகூட இல்லை. வெறுங்கையுடன் ஒருவர் வாளை எதிர்கொண்டால் முதலில் கையைத்தான் நீட்டுவார், கைதான் வெட்டுப்படும். அது இல்லை என்றால், தலைக்கவசம் போய்விட்ட பின்னும் உடற்கவசம் அவர்மீது இருந்தது என்று ஆய்வாளர்கள் முடிவுசெய்தார்கள். ஆசிரியரான நீங்கள் ஏட்டை ஐயுறுவது முறைதான். இந்த மூன்று குழிகளும் ஏட்டைப் பொய்யாக்கவில்லை.

ஒரே ஓர் உறுப்பை மட்டும் தேர்ந்தெடுக்கலாம் என்றால் எந்தக் கவசத்தை எடுப்பீர்கள்?
— வாசகர் ஒருவர், கம்பம்

ஐயமில்லாமல் தலைக்கவசம். வசதி குறைந்த வீரர்களும் பல நாடுகளில் முதலில் வாங்கியது அதுவே. இன்றைய ருமேனியப் பகுதியில் வாழ்ந்த டேசியரின் இருகை வளைவாள் மேலிருந்து இறங்கித் தலையைப் பிளந்ததைக் கண்ட ரோமானியர், இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசர் டிராஜன் நடத்திய போர்களின்போது தலைக்கவச உச்சியில் குறுக்கும் நெடுக்குமாக இரும்புப் பட்டைகளை அறைந்தார்கள். வாளேந்தும் கைக்கும் தகட்டுறை சேர்த்தார்கள்.

ஆனால் தலைக்கவசம் எவ்வளவு மூடியிருக்கிறதோ அவ்வளவு தொல்லை. கண்துளை வழியே எதிரியின் காலும் பக்கத்தில் வருபவரும் தெரிவதில்லை, கட்டளை காதில் விழுவதில்லை, மூச்சு உள்ளேயே சுழல்கிறது. கைகலப்பில் மூச்சு வாங்கும்போது முகமூடியைத் தூக்கிவிடுவதே இயல்பு. அந்த நேரம்தான் ஆபத்தும். 1403ஆம் ஆண்டு ஷ்ரூஸ்பரி போரில், பின்னாளில் அஜின்கோர்ட்டில் வென்ற ஐந்தாம் ஹென்றி, 16 வயது இளவரசராக முகத்தில் அம்பு வாங்கினார்; அரண்மனை மருத்துவர் ஜான் பிராட்மோர் அதற்கென்றே ஒரு கருவி செய்து அம்புமுனையை வெளியே எடுத்தார்.

எனவே நான் தேர்ந்தெடுப்பது முழு முகமூடியை அல்ல, முகலாயர் காலத்து இந்தியத் தலைக்கவசத்தை. எஃகுக் கிண்ணமாக உச்சியைக் காத்து, மூக்கின்மேல் ஏற்றி இறக்கக்கூடிய ஒரு பட்டையை விட்டு, கழுத்தையும் தோளையும் தொங்கும் வளையத் திரையால் மூடும் அந்த அமைப்பில், ஈட்டி நேராக முகத்துக்கு வந்தால் காப்பு குறைவுதான். இருந்தாலும் வருவது யார் என்று பார்க்கலாம், கழுத்தைத் திருப்பலாம், கம்பம் பள்ளத்தாக்கின் சித்திரை வெயிலில் மூச்சும் விடலாம்.